காதுக்குள் போகாத பூச்சி

அறுபத்து மூன்று.

பம்ப் அறையின் பின்சுவரில் கரித்துண்டால் அந்த எண்ணை எழுதிவிட்டு, தோட்டக்காரம்மா வாளிக்குள் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் மிதந்தவை எல்லாம் ஒரே இனம். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், பழுப்பு நிறம், பின்பக்கம் இடுக்கி மாதிரி ஒரு வால். குடியிருப்பில் இருந்த நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் அதைக் காதுப்பூச்சி என்றார்கள். பெயரைச் சொல்லும்போதே பாதிப் பேர் கையால் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் பழைய செய்தித்தாளை நனைத்துச் சுருட்டிப் பத்து இடத்தில் போட்டிருந்தாள். ராத்திரி முழுக்க மேய்ந்துவிட்டு, வெளிச்சம் வரும் நேரத்தில் ஒளிய இடம் தேடுகிற பூச்சி அது. ஈரமும் இருட்டும் இடுக்கும் ஒன்றாகக் கிடைத்தால் விடாது. சுருளுக்குள் போய் முடங்கிக்கொள்ளும். காலையில் வாளிக்கு மேலே பிடித்து உதறினால் வேலை முடிந்தது. மருந்து இல்லை, நாற்றம் இல்லை, அடித்தவனுக்கு இருமல் இல்லை.

"என்னக்கா, இன்னைக்கு எத்தனை விக்கெட்டு?" என்று வாட்ச்மேன் இடது பக்கமாக வந்து கேட்டான். அவள் திரும்பவில்லை. அவன் தலையில் தட்டிக்கொண்டு சுற்றி வலது பக்கம் வந்து மறுபடியும் கேட்டான்.

"அறுபத்து மூணு. அதுல அம்பத்தெட்டு மரச்சில்லு பக்கத்துல போட்ட நாலு சுருள்ல. மத்த ஆறுலயும் சேர்த்து அஞ்சு."

"செஞ்சுரி அடிச்சா சொல்லு, கைதட்டுறேன்."

"கைதட்ட வேண்டாம் தம்பி. சில்லை அள்ள ஒரு மம்பட்டி எடுத்துட்டு வா, போதும்."

"ஐயோ, செக்ரட்டரி சார் ஆசையா இறக்கின சில்லு! அதுல கை வச்சா என்னை அள்ளிக் கொட்டிடுவாரு."

அந்தச் சுவரில் பத்தொன்பது நாள் கணக்கு இருந்தது. ஒவ்வொரு நாளும் மொத்தத்துக்குக் கீழே இரண்டு எண்: சில்லுப் பக்கம் ஒன்று, மற்ற பக்கம் ஒன்று. முதல் எண் மூக்கும் முழியுமாக வளர்ந்துகொண்டே போனது. இரண்டாவது ஐந்தைத் தாண்டியதே இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரத் தெரிந்திருந்தது. பட்டம் வாங்கினவர்களுக்கு அந்தச் சுவர்ப் பக்கம் வரவே நேரம் இல்லை.

அவளுடைய இடது காது கேட்காது. பிறவியில் வந்ததில்லை. ஆறு வயதில் குளித்துவிட்டு வந்தவளுக்குக் காதுவலி கண்டது. இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் சித்தப்பா வந்து காதுக்குள் எட்டிப் பார்த்தார். வெளிச்சமும் இல்லை, அவருக்குக் கண் பார்வையும் மட்டம். ஆனால் தீர்ப்பு உடனே வந்துவிட்டது. "காதுப்பூச்சி பூந்திருக்கு அண்ணி. குடைஞ்சுக்கிட்டே மூளைக்குப் போயிடும். எண்ணெயைக் காய்ச்சி ஊத்துங்க." இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, பெற்ற தாய் ஊற்றினாள்.

பூச்சி எதுவும் வெளியே வரவில்லை. நாலு மாதம் சீழ் வந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் உலகம் அடங்கிப்போனது. "பூச்சி உள்ளேயே வெந்து செத்துச்சு, அதான் வெளிய வரல. நீ பொழச்சதே பெரிசு" என்று அம்மா சொன்னாள். சாகிற வரைக்கும் அதைத்தான் சொன்னாள், அதுவும் மகளுக்குக் கேட்கவேண்டும் என்று உரக்க. பூச்சியே இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் நாக்கு எழவில்லை. சொன்னால், அப்படியென்றால் பிள்ளையின் காதைப் பொசுக்கியது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வராமல் இருப்பதற்காக ஒரு குடும்பம் முப்பது வருடம் செத்துப்போன பூச்சி ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுதது.

பள்ளிக்கூடத்தில் அவளை ஒத்தக்காது என்று கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்ட வாத்தியார் ஒருவரும் உண்டு.

தோட்ட வேலைக்கு வந்த பிறகுதான் அவள் அந்தப் பூச்சியை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். செங்கல் ஒன்றைப் புரட்டியபோது அடியில் ஒரு பெண்பூச்சி, வெள்ளை வெளேரென்று முப்பது முட்டைகளுக்கு மேலே காலை அகட்டி நின்றுகொண்டிருந்தது. வெளிச்சம் பட்டும் ஓடவில்லை. ஒவ்வொரு முட்டையாக வாயால் எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்தது, பூஞ்சை பிடிக்காமல் இருக்க. இதுவா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நம் காதைத் தின்றதாகச் சொன்னார்களே, அது இதுவா?

சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒருநாள் மதியம் ஏழு பூச்சிகளைக் கண்ணாடிச் சீசாவில் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தலையணையில் வலது பக்கமாகப் படுத்து, செத்த காதை மேலே வைத்துக்கொண்டாள். "போறதா இருந்தா போ. அங்க கெடுக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லை" என்று சொல்லி, ஒன்றை எடுத்துக் காதுமடலிலேயே விட்டாள். அது ஒரு நொடி நின்றது. மீசையை ஆட்டியது. பிறகு கன்னத்தின் வழியாக இறங்கி, கழுத்தைக் கடந்து, தலையணைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முடிக்குள் கொஞ்சம் வழிதவறித் தலையணைக்கே போனது. ஏழு பூச்சிக்கும் அந்தக் காது வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு அவள் அழுதாளா சிரித்தாளா என்பது அவளுக்கே நினைவில்லை. எழுந்து உட்கார்ந்து தலையணையைத் தூக்கி ஏழும் இருக்கிறதா என்று எண்ணியது நினைவிருக்கிறது.

அதற்கப்புறம் அந்தப் பூச்சியை விடாமல் பின்தொடர்ந்தாள். வீட்டைக் காலி செய்துகொண்டு போன யாரோ குப்பையில் போட்டிருந்த தோட்டப் பூச்சிகள் பற்றிய சிறு புத்தகத்தை எடுத்து அட்டை கிழிய வாசித்தாள். அது காய்ந்த இடத்தில் பிழைக்காது. மட்கின இலையைத் தின்னும். இளநாற்றையும் பூவிதழையும் கடிக்கும். ஆனால் கொழுந்தில் மொய்த்துச் சாறு உறிஞ்சுகிற அசுவினியையும் தின்னும். நாற்றங்காலில் வந்தால் பிடித்துக் கொன்றாள். ரோஜாப் பாத்தியில் வந்தால் விட்டுவைத்தாள். இரக்கத்தால் அல்ல; அசுவினியைத் தின்ன அங்கே ஆள் வேண்டியிருந்தது. பதினொரு வருடத்தில் குடியிருப்பில் காதுப்பூச்சி என்று ஒரு புகார் வந்ததில்லை.

புகார் வந்தது சில்லு வந்த பிறகுதான். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேறு எங்கோ ஒரு குடியிருப்பில் பார்த்துவிட்டு வந்து, ஒரு லாரி மரப்பட்டைச் சில்லு இறக்கினார். தரைத்தள வீடுகளின் சுவரை ஒட்டி, ஜன்னல் வரைக்கும், ஒரு சாண் கனத்துக்குக் கொட்டச் சொன்னார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. காய்ந்தால் நிறம் வெளுக்கிறது என்று காலையும் மாலையும் நனைக்கச் சொன்னார். வாசலுக்கு வாசல் ராத்திரி முழுக்க எரிகிற பளீர் வெள்ளை விளக்கு வேறு. ஈரம், இருட்டு, சாப்பாடு, ஜன்னலுக்குப் படிக்கட்டு, கூப்பிட வெளிச்சம். ஒரு பூச்சிக்கு இதைவிட நல்ல வீட்டை யாரும் கட்டித் தந்திருக்க முடியாது. இரண்டே மாதத்தில் துண்டை உதறினால் விழுந்தது, செருப்புக்குள் ஒளிந்தது, பாத்திரம் கழுவும் தொட்டியில் ஓடியது.

செயலாளர் அவளைக் கூப்பிட்டு வாசலிலேயே நிற்கவைத்துச் சொன்னார்: "இந்த மாசக் கடைசிக்குள்ள பூச்சி போகணும். இல்லேன்னா நீ போகணும்."

போவது என்றால் வேலை மட்டும் போவதில்லை. பம்ப் அறையை ஒட்டி அவள் படுத்திருந்த பத்துக்கு எட்டு அறையும் வேலையோடு ஒட்டியது. தாலி கட்டியவன் காணாமல் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. மோட்டார் ஓடும்போது சுவர் அதிரும். ஆனால் அது அவளுடைய சுவர். பதினொரு வருடமாக யார் வாயிலும் விழாமல் தூங்கின இடம்.

அதனால்தான் அவள் கணக்கு எழுத ஆரம்பித்தாள். வாயால் சொன்னால் வேலைக்காரி சொன்னதாக இருக்கும். எண்ணால் சொன்னால் எண் சொன்னதாக இருக்கும் என்று நம்பினாள். படித்தவர்கள் எண்ணுக்குக் கட்டுப்படுவார்கள் என்பது படிக்காதவர்களிடம் மட்டுமே இருக்கிற ஒரு நம்பிக்கை.

சங்கக் கூட்டத்துக்குச் சுவரைத் தூக்கிக்கொண்டு போகமுடியாது. ஒரு தாளில் பத்தொன்பது நாளையும் நகல் எழுதி எடுத்துக்கொண்டு போனாள். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன, அவள் நின்றாள்.

"சார், மருந்து வேண்டாம். சில்லைச் சுவத்துல இருந்து ரெண்டடி தள்ளிடுவோம். தண்ணியைக் காலையில மட்டும் விடுவோம். மூணாம் வீட்டுப் பின்னாடி குழாய் ஒழுகுது, அதை அடைக்கணும். கதவுக்கு அடியில இருக்கிற சந்துக்கு ரப்பர் பட்டை அடிக்கணும். விளக்கை மஞ்சளா மாத்தணும். அவ்வளவுதான். பதினஞ்சு நாள்ல குறையலேன்னா நானே போயிடுறேன்."

செயலாளர் தாளை வாங்கினார். தலைகீழாகப் பிடித்தார், பிறகு நேராக்கினார்.

"இது என்ன, ஆராய்ச்சியா? எப்ப டாக்டர் பட்டம் வாங்குறே?"

சிரிப்பு. இரண்டாம் மாடிக்காரர் ஒருவர், "காதுப்பூச்சியைப் பத்தி ஒத்தக்காது ஆராய்ச்சி பண்ணுது, பொருத்தம்தான்" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அந்தப் பட்டப்பெயர் இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அது காதுக்குள்ள போகாது சார். அந்தப் பேருதான் தப்பு. நான் பார்த்திருக்கேன்."

"நீ பார்த்திருக்கே. ஊர் உலகமெல்லாம் குருடு." செயலாளர் தன் மனைவியைப் பார்த்தார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. அறிவியல் உங்க டிபார்ட்மென்ட்."

அவர் மனைவி ஒரு பள்ளியில் அறிவியல் பாடம் நடத்துகிறவர். வீட்டில்கூட அவரைச் செயலாளர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். டீச்சருக்குப் பதில் தெரிந்திருந்தது. அது முகத்தில் வந்து, உதடு வரைக்கும் வந்து, அங்கிருந்தே திரும்பிப் போனதைத் தோட்டக்காரம்மா பார்த்தாள். ஒரு காது போனவர்களுக்கு உதட்டைப் படிக்கத் தெரியும்.

"போகும்னும் சொல்றாங்க... போகாதுன்னும் சொல்றாங்க..." என்றார் டீச்சர்.

மாதம் பிறந்ததும் மருந்தடிப்பது என்று முடிவானது. தோட்டக்காரம்மா விஷயத்தை மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள், அவளை வைத்துக்கொண்டே.

ஆறு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், செயலாளர் சொன்னபடியே அவள் சில்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்குள்ளிருந்து அலறல் கேட்டது. செயலாளரின் மகள், ஆறு வயது. மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து காதைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். தலையணையில் ஒரு காதுப்பூச்சி. அவ்வளவுதான், வழக்கு முடிந்தது, சாட்சி வேண்டாம்.

பத்து நிமிடத்தில் வாசலில் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் உப்புத்தண்ணீர் என்றார், ஒருவர் புகை போடு என்றார், ஒருவர் டார்ச் அடித்தால் வெளிச்சத்துக்கு வந்துவிடும் என்றார். அப்புறம் அந்த வார்த்தை வந்தது.

"எண்ணெய் ஊத்துங்க சார். காய்ச்சி ஊத்துங்க. நேரம் போகப் போக மூளைக்குப் போயிடும்."

ஜன்னலுக்கு வெளியே தோட்டக்காரம்மாவின் கையிலிருந்த குழாய் நழுவியது. நாற்பது வருடத்துக்கு முந்தின வாக்கியம். ஒரு சொல் மாறவில்லை.

உள்ளே ஓடினாள். ஈரக்கால், சேற்றுச் செருப்பு. சமையலறையில் டீச்சர் குழிக்கரண்டியை அடுப்பில் பிடித்துக்கொண்டிருந்தார். எண்ணெயில் மெல்லிசாகப் புகை எழுந்தது.

"டீச்சர், வேண்டாம்."

"பொறுக்கிற சூடுதான்..."

"பொறுக்கிற சூடா? புகை வருது பாருங்க! டீச்சர், என் காதைப் பாருங்க. இது இப்படித்தான் போச்சு. இதே எண்ணெய். எங்கம்மாவும் பொறுக்கிற சூடுன்னுதான் சொன்னா."

டீச்சர் நின்றார். அப்படியே நின்றிருப்பார். ஆனால் கூடத்திலிருந்து செயலாளரின் குரல் வந்தது: "இன்னும் என்ன பண்றீங்க? கொண்டாங்க!" டீச்சரின் கால் தானாக நடந்தது. இருபது வருடப் பழக்கம்.

கூடத்தில் செயலாளர் மகளின் தலையை மடியில் அழுத்திப் பிடித்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் காலைப் பிடித்திருந்தார். பிள்ளையின் கண் கரண்டியையே பார்த்தது. அந்தக் கண்ணைத் தோட்டக்காரம்மாவுக்குத் தெரியும், உள்ளேயிருந்து தெரியும்.

அவள் கரண்டியின் குழியிலேயே கையை வைத்துத் தட்டிவிட்டாள். எண்ணெய் அவள் புறங்கையிலிருந்து முழங்கை வரை ஓடியது. கரண்டி சுவரில் மோதி விழுந்தது. தோல் சுருங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணெயைப் பொறுக்கிற சூடு என்று யாரும் சொல்லவில்லை.

"யாரைக் கேட்டு உள்ள வந்தே?" என்றார் செயலாளர்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க சார். அப்புறம் திட்டுங்க."

தூக்கினார்கள். அவள் சொன்னதற்காக அல்ல. காய்ச்சின எண்ணெய் அவ்வளவுதான் இருந்தது. வாட்ச்மேன் ஆட்டோ பிடித்து, பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொள்ளக் கூடவே போனான்.

அவள் பம்ப் அறைக் குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வாட்ச்மேன் ஓடிவந்தான். இந்தத் தடவை மறக்காமல் வலது பக்கம்.

"அக்கா! பயறு அக்கா!"

"என்ன பயறு?"

"பச்சைப்பயறு! பள்ளிக்கூடத்துல முளைகட்டிட்டு வரச் சொன்னாங்களாம். பாப்பா ஒண்ணை எடுத்துக் காதுல போட்டுப் பாத்திருக்கு. ரெண்டு நாள் ஆச்சாம். தலைக்குக் குளிச்சதுல ஊறி உப்பிடுச்சு. டாக்டர் கம்பி மாதிரி ஒண்ணை விட்டு எடுத்தாரு. முளை வேற விட்டிருக்கு அக்கா, வெள்ளையா, இத்துணூண்டு!"

"பூச்சி?"

"பூச்சியும் இல்ல, புழுவும் இல்ல. செக்ரட்டரி சார் ரெண்டு தடவை கேட்டாரு, நல்லா பாருங்க டாக்டர், நல்லா பாருங்கன்னு. டாக்டர் கடுப்பாயிட்டாரு. பூச்சி உங்க தலையில இருக்கு, பிள்ளை காதுல இல்லேன்னுட்டாரு. எண்ணெய் ஊத்தியிருந்தா செவிப்பறை போயிருக்குமாம்." அவன் அப்போதுதான் கையைப் பார்த்தான். "ஐயோ அக்கா, இது என்ன?"

"பொறுக்கிற சூடு" என்றாள் அவள்.

அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள் என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். கை எரிந்தது. ஆனால் ஒரு பிள்ளைக்கு இரண்டு காதும் இருந்தது. அதோடு இனி ஒருவரும் வாய் திறக்கமுடியாது. டாக்டரே சொல்லிவிட்டார், பயறு. நாளைக்குச் சில்லை அள்ளச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே கண்ணயர்ந்தாள். ஐம்பது வயதை நெருங்குகிற ஒருத்திக்கு இவ்வளவு வெகுளித்தனம் ஆகாது.

மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தது. "நமது குடியிருப்பில் ஒரு குழந்தையின் காதில் பூச்சி புகுந்த வருந்தத்தக்க நிகழ்வைத் தொடர்ந்து" என்று ஆரம்பித்து, "தோட்டப் பராமரிப்பில் நேர்ந்த அலட்சியம்", "வீட்டுக்குள் அத்துமீறல்" என்று வளர்ந்து, "பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார், வெள்ளிக்கிழமைக்குள் அறையை ஒப்படைக்க வேண்டும்" என்று முடிந்தது. நல்ல தமிழ். ஒரு எழுத்துப்பிழை இல்லை. ஒரு உண்மையும் இல்லை.

அவள் கட்டுப்போட்ட கையோடு செயலாளர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"சார், பயறுன்னு டாக்டர் சொன்னாரே."

"பயறோ பூச்சியோ, இப்ப அது முக்கியமில்லை."

"முக்கியமில்லையா? பூச்சி புகுந்ததுன்னு எழுதியிருக்கீங்க. அதைப் படிச்சுட்டு நாளைக்கு இன்னொரு வீட்டுல எண்ணெய் காய்ச்சுவாங்க சார்."

"நான் என்ன எழுதணும்னு நீ சொல்லித் தர்றியா? என் பொண்ணு காதுல பயறைப் போட்டுக்கிட்டா, என் வீட்டுல எண்ணெய் காய்ச்சினோம்னு போர்டுல ஒட்டணுமா? நாற்பத்தெட்டு வீட்டுக்காரனும் சிரிக்கணுமா?"

விஷயம் அவர் வாயாலேயே வந்துவிட்டது. அவர் சிரிப்புக்கு ஆளாகக் கூடாது. அதற்கு ஒருத்தியின் கூரை விலை. ஒரு பூச்சி முதல்முறை அவளுடைய குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றியது. இப்போது இந்தக் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றுகிறது. இரண்டு தடவையும் பூச்சியே கிடையாது.

டீச்சர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. நீங்க இருந்தீங்கல்ல. பயறைக் கண்ணால பார்த்தீங்கல்ல. ஒரே ஒரு வார்த்தை."

டீச்சர் தரையைப் பார்த்தார். பிறகு மகளை உள்ளே அனுப்பினார். பிறகு மறுபடியும் தரை. கடைசியில், "கைக்கு மருந்து போட்டீங்களா?" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். அவளுக்கும் கேட்கவில்லை, உதட்டில் படித்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது மருந்துக்காரர் வந்தார். முதுகில் தொட்டி, முகத்தில் துணி. ஈரச் சில்லின் மேல் புஸ் புஸ் என்று அடித்துக்கொண்டு போனார். அசுவினி தின்கிற பொறிவண்டுகள் ரோஜா இலையிலிருந்து உதிர்ந்தன. தோட்டக்காரம்மா மூட்டையை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஒரு சாண் சில்லு. மேல அடிச்சா அடிக்குப் போகுமா?"

"எப்படிப் போகும்? மேல ரெண்டு விரல் நனையும்."

"பூச்சி அடியில இருக்கு."

"தெரியும்க்கா. மேல வந்த நாலு சாகும், அதைப் பார்த்து அவங்களுக்கு மனசு நிறையும். அடியில இருக்கிறது அடுத்த மாசம் வரும், அப்ப நானும் வருவேன்." துணியை இறக்கிவிட்டு இருமினார். வெகுநேரம் இருமினார். "எல்லாம் ஒரேயடியாச் செத்துட்டா எங்க முதலாளி என்னை எதுக்கு வச்சிருப்பார்? சில்லை அள்ளுங்கன்னு நான் சொன்னா அன்னைக்கே நானும் உன் கூட மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

பேசிக்கொண்டிருக்கும்போதே வெள்ளையடிக்கிறவன் பம்ப் அறைப் பின்சுவருக்கு வந்தான். புதிதாக வருகிற ஆளுக்கு அறையைச் சுத்தம் செய்து தரவேண்டுமாம். பத்தொன்பது நாளும், அதற்கப்புறம் எழுதின நாட்களும், நாலு இழுப்பில் போயின. கடைசியாக எழுதியிருந்த எழுபத்தொன்று மட்டும் ஈரச் சுண்ணாம்புக்கு அடியில் கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிந்தது. காய்ந்ததும் அதுவும் இல்லை.

வாட்ச்மேன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தான். "நான் டாக்டர் சொன்னதை எல்லார்கிட்டயும் சொல்றேன்க்கா" என்றான்.

"சொல்லாதே தம்பி. உனக்கும் இங்க ஒரு ரூம் இருக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கோபம் சரியான இடத்துக்குப் போகவேண்டும் என்பதில் அவள் கறாராக இருந்தாள்.

அதற்கப்புறம் தங்கச்சி வீட்டில் ஒரு மூலை. தங்கச்சி புருஷன் முகம் சுளிக்காத நாட்களை விரலில் எண்ணலாம். ஒரு நாற்றுப்பண்ணையில் நாள்கூலிக்குப் போனாள். கையில் எண்ணெய் ஓடிய தடம், புறங்கையிலிருந்து முழங்கை வரை, வழுவழுப்பாக நின்றுவிட்டது.

மூன்று மாதம் கழித்து, பண்ணையில் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து பேசினார், பின்னால் மணியடிக்கிற சத்தம்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க." பதினொரு வருடத்தில் முதல்முறையாக அக்கா. "மறுபடியும் பூச்சி. மூணு தடவை மருந்தடிச்சாச்சு. பாப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்துடுச்சு, ஜன்னலைத் திறக்க முடியலை. ரோஜாவெல்லாம் அசுவினி. அந்தப் பேப்பர்... நீங்க எப்படிச் சுருட்டுவீங்க?"

தோட்டக்காரம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்தாள். சொல்லாமல் வைத்துவிடலாம். யார் கேட்பார்கள்? ஆனால் அந்த வீட்டில் இரண்டு காதுள்ள பிள்ளை ஒன்று மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. அது யார் செய்த தப்பானாலும் அதன் தப்பில்லை.

சொன்னாள். பேப்பரை நனைத்துப் பிழிந்து, விரல் பருமனுக்குத் துவாரம் விட்டுச் சுருட்டணும். சாயங்காலம் வைக்கணும், விடிஞ்சதும் உதறணும், வெயில் ஏறினால் பிரயோஜனமில்லை. ஆழமில்லாத டப்பாவில் கொஞ்சம் சமையல் எண்ணெய் ஊற்றி மண்ணோடு மண்ணாகப் புதைத்து வைத்தாலும் விழும். "அந்த எண்ணெயைக் காய்ச்ச வேண்டியதில்லை டீச்சர்" என்றாள். "ஆனா இதெல்லாம் பிடிக்கிறதுதான். சில்லு இருக்கிற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும். உங்க ஜன்னலுக்குக் கீழ இருக்கிறதையாவது ரெண்டடி தள்ளுங்க."

"அவர் ஒத்துக்க மாட்டார்க்கா."

"சரி. அப்ப ஒண்ணு செய்யுங்க. உங்க வகுப்புல நாற்பது பிள்ளைங்க இருப்பாங்கல்ல? அந்தப் பூச்சி காதுக்குள்ள போகாதுன்னு ஒருநாள் சொல்லுங்க. சூடா எதையும் காதுல ஊத்தக் கூடாதுன்னு சொல்லுங்க. என் பேரைச் சொல்ல வேண்டாம். பயறைச் சொல்ல வேண்டாம். பாடமாச் சொல்லுங்க, போதும்."

அவள் காத்திருந்தாள். வேலை போனபோதுகூட இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததில்லை.

"பாக்கறேன்க்கா" என்றார் டீச்சர். "பாடத்திட்டத்துல அது இல்லை... அப்புறம், நான் போன் பண்ணினது யாருக்கும் தெரிய வேண்டாம். அவருக்குத் தெரிஞ்சா..."

தோட்டக்காரம்மா போனை வலது காதிலிருந்து எடுத்தாள். அணைக்கவில்லை. இடது காதில் வைத்து, தோளால் தாங்கிக்கொண்டு, பாத்திரத்தைத் திறந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தாள். டீச்சர் இன்னும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.